எஸ்யூவிக்கு எந்த பிரேக் பேட்? வெப்பத்தைக் கேளுங்கள்

நீளமான மலை இறக்கம் ஒன்றை முடித்துவிட்டு வண்டியை ஓரங்கட்டி, முன்சக்கரத்தின் அருகில் போய் நின்று பாருங்கள். சில நேரம் குப்பென்று ஒரு தீய்ந்த வாடை அடிக்கும். பிரேக் பேடுக்குள் இருக்கும் பிசின் கருகும் வாடை அது. கடைசி வளைவுகளில் பெடலை அழுத்தி மிதித்தும் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்றால், அதற்கும் காரணம் இதே பிசின்தான். புது பேட் வாங்கப் போகிறவர்கள் விலைக்கும் பிராண்டுக்கும் முன்னால் இதைப் புரிந்துகொள்வது நல்லது.

பிரேக்கின் வேலை வண்டியின் ஓட்டத்தை வெப்பமாக மாற்றுவது. ஆட்களும் சாமான்களுமாக 2,000 கிலோ எடையுள்ள எஸ்யூவி மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போனால், அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 7.7 லட்சம் ஜூல். 30 டிகிரியில் இருக்கும் இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க இது போதும். அவசரமாக நிறுத்தும்போது இந்த வெப்பம் முழுவதும் நான்கைந்து வினாடிக்குள் பிரேக்கில் இறங்குகிறது. 1,200 கிலோ காருக்கு இதே வேகத்தில் 4.6 லட்சம் ஜூல்தான்.

இறக்கம் இன்னும் மோசம். அதே எஸ்யூவி 500 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் 98 லட்சம் ஜூல். நூறு கி.மீ. வேகத்திலிருந்து 12 தடவைக்கு மேல் வண்டியை நிறுத்துவதற்குச் சமம். இதில் ஒரு பங்கை இன்ஜினும் காற்றும் வாங்கிக்கொள்ளும்; அதனால்தான் இறக்கத்தில் கியரைக் குறைக்கச் சொல்கிறார்கள். மிச்சம் பேடுக்கு. அதிலும், பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னால் சாய்வதால் பெரும்பங்கு முன்சக்கர பேடுகளின் தலையில்தான் விழும்.

பேட் என்பது இரும்புத் தகட்டின் மேல் ஒட்டிய உராய்வுக் கலவை; சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை அழுத்திப் பிடிப்பது இதுதான். நார்கள், உலோகத் தூள், கிராஃபைட், கரடுமுரடான துகள்கள் எல்லாவற்றையும் ஒரு பிசின் சேர்த்துப் பிடித்திருக்கும். அளவுக்கு மீறிச் சூடானால் பிசின் சிதைந்து வாயுவாகும். அந்த வாயு பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே மெல்லிய படலமாக நின்று உராய்வைக் குறைத்துவிடும். கலவைக்குக் கலவை இது நடக்கும் வெப்பநிலை மாறும். பேட் தேர்வின் மையமே இதுதான்.

கலவையைப் பொறுத்துப் பேடுகள் மூன்று வகை. உலோகம் குறைந்த, நார்களே அதிகமான ஆர்கானிக் பேட் சத்தம் போடாது, டிஸ்க்கை அரிக்காது. ஆனால் சீக்கிரம் தேயும், வெப்பத்துக்குச் சீக்கிரம் தளரும். பாரம் ஏற்றும் எஸ்யூவியின் முன்சக்கரத்துக்கு மலிவான ஆர்கானிக்கை நான் சொல்லமாட்டேன். உலோகம் நிறையக் கலந்த செமி மெட்டாலிக் அதிக வெப்பத்தைத் தாங்கும். மலைப்பாதை, டிரெய்லர் இழுப்பது, வண்டி நிறையப் பாரம் என்றால் அதுதான் சரி. பதிலுக்குச் சத்தமும் கறுப்புத் தூசியும் டிஸ்க் தேய்மானமும் கூடும். உலோகம் வெப்பத்தை, பேடை அழுத்தும் காலிப்பர் வரை கடத்துவதால் பிரேக் ஆயில் பழசாக இருக்கவும் கூடாது; பழசாக ஆக அது ஈரத்தை உறிஞ்சும், சூட்டில் கொதித்துவிட்டால் பெடல் வேலை செய்யாது. ஈரம் ஏறிய டாட் 4 (பிரேக் ஆயிலின் ஒரு தரம்) ஆயிலுக்கான குறைந்தபட்சக் கொதிநிலை 155 டிகிரிதான். புதிதாக இருக்கும்போது அது 230. நகரத்துக்குள் குடும்பத்தோடு ஓட்டும் வண்டிக்கு, பீங்கான் போன்ற பொருள் கலந்த நல்ல செராமிக் பேட் போதும்: தூசி குறைவு, சத்தம் குறைவு.

பல பேடுகளின் ஓரத்தில் எண்களும் எழுத்துகளுமாக ஒரு வரி பொடியாக அச்சாகியிருக்கும். அதன் கடைசியில் வரும் இரண்டு ஆங்கில எழுத்துகளைத் தேடுங்கள். முதல் எழுத்து சாதாரண வெப்பநிலையில் உள்ள உராய்வுக் குணகம் (பேட் எவ்வளவு கடிக்கும் என்ற அளவு), இரண்டாவது நன்றாகச் சூடான பிறகு உள்ளது. ‘இ’ (E) என்றால் 0.25 முதல் 0.35 வரை, ‘எஃப்’ 0.35 முதல் 0.45 வரை, ‘ஜி’ அதற்கும் மேலே 0.55 வரை. ‘ஜிஇ’ என்று போட்ட பேட் முதலில் நன்றாகக் கடித்து, சூடானதும் கைவிடும். அதைவிட ‘எஃப்எஃப்’ பேடைத்தான் நான் நம்புவேன். ஆனால் இது சிறு துண்டை வைத்துச் செய்யும் சோதனை. வண்டியில் எப்படிப் பிடிக்கும் என்பதை முழுதாகச் சொல்லாது. அதைச் சொல்வது ஆர்90 முத்திரை. ஐரோப்பாவில் நடைமுறையில் உள்ள இந்த விதிப்படி, மாற்று பேடின் செயல்திறன் அசல் பேடிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். முன்பின் பிரேக் சமநிலை அசல் பேடை வைத்தே வடிவமைக்கப்பட்டது என்பதால் இது முக்கியம். பந்தய பேட் வேண்டவே வேண்டாம். ஆறிய நிலையில் அது சரியாகப் பிடிக்காது, காலையில் முதல் சிக்னலில் அதுதான் ஆபத்து.

கலவை 3 மி.மீ. அளவுக்குத் தேய்ந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அப்புறம், மாட்டிய கையோடு புது பேடைப் பழக்க வேண்டும். தயாரிப்பாளர் வேறு முறை சொல்லாவிட்டால், காலியான சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 20 வரை மிதமாகக் குறைத்து, இடைவெளி விட்டு எட்டுப் பத்து முறை செய்யுங்கள். பேடின் கலவை டிஸ்க்கின் மேல் ஒரே சீராகப் படியும். இடையில் முழுதாக நிறுத்திப் பெடலை மிதித்தபடியே இருந்தால், சூடான பேட் டிஸ்க்கில் ஒரே இடத்தில் திட்டாக ஒட்டிக்கொள்ளும்; அப்புறம் ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் அந்தத் திட்டு பெடலில் அதிரும்.