டயல் – சுழல் எண்வட்டு

பழைய தொலைபேசியில் விரலை நுழைத்துச் சுழற்றும் பத்துத் துளை வட்டு, அதன் அடியில் எண்கள் பொறித்த தகடு, பின்புறம் மறைந்திருக்கும் சுருள்வில்லும் பற்சக்கரங்களும் ஆகிய அனைத்தையும் ‘டயல்’ என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம்.

நாளைக் குறிக்கும் ‘தியேஸ்’ என்னும் இலத்தீன் சொல்லே இதன் வேர். ஆங்கிலத்தில் முதலில் சூரியக் கடிகாரத்தைக் குறித்த இச்சொல், பின்னர்க் கடிகார முகப்புக்கும், அதன்பின் எண்கள் வரிசையாக அமைந்த வட்டத் தகடுகளுக்கும் ஆகிவந்தது. ஆள் துணையின்றி அழைப்புகளை இணைக்கும் தானியங்கித் தொலைபேசி இணைப்பகத்துக்கு 1891-இல் அமெரிக்கரான ஆல்மன் ஸ்ட்ரௌஜர் காப்புரிமை பெற்று, அடுத்த ஆண்டே அமெரிக்காவின் லா போர்ட் நகரில் அது இயங்கத் தொடங்கியபோதும், எண்ணை அனுப்ப அழுத்து விசைகளே பயன்பட்டன. சுழலும் வட்டு 1896 அளவில் வந்தது. அதிலும் தொடக்கத்தில் துளைகளுக்குப் பதிலாக விரலால் பற்றி இழுக்கும் புடைப்புகள் இருந்தன. ஆகவே, ஒரு கருவி தானியங்கி முறைக்கு உரியது என்பதாலேயே அதில் துளைவட்டு இருந்திருக்க வேண்டும் என்று கொள்வது தவறு.

வட்டைத் தடுப்பான்வரை இழுக்கும்போது வில் முறுக்கேறுகிறது. விரலை எடுத்ததும் அது பின்னோக்கிச் சுழலும். அதன் வேகத்தை ஒரு கட்டுப்படுத்தி சீராக்க, மின்சுற்று நொடிக்கு ஏறத்தாழ 10 முறை துண்டிக்கப்பட்டு இணைகிறது. ஒவ்வொரு துண்டிப்பும் ஒரு துடிப்பு. துடிப்புகளின் எண்ணிக்கையே சுழற்றிய எண்ணை இணைப்பகத்துக்கு உணர்த்தும். பெரும்பாலான நாடுகளில் 1-க்கு ஒரு துடிப்பு, சுழியத்துக்குப் பத்து. சுவீடனிலோ சுழியத்துக்கு ஒன்று, 1-க்கு இரண்டு என ஏறும். நியூசிலாந்தில் எண்வரிசையே தலைகீழாகி, 9-க்கு ஒரு துடிப்பு வரும்.

‘டயல்’ என்பதற்கு ‘முகப்பு’ என்று எழுதுவது கடிகாரத்துக்குப் பொருந்தும். அங்கே முகப்பு அசையாது, முள்தான் சுற்றும். தொலைபேசியில் வட்டே சுழல்வதால் ‘சுழல் எண்வட்டு’ என்பதே தக்க தமிழாகத் தோன்றுகிறது. அதோடு நில்லாமல் விரல்வட்டு, எண்தகடு, விரல் தடுப்பான், துடிப்புப் பொறி என்று உறுப்புகளுக்கும் தனித்தனிப் பெயர் வழங்குவது பழைய தொலைபேசிகளின் ஆய்வுக்கு இன்றியமையாதது. பழுதுபார்ப்பின்போது இவை ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தப்பட்டிருக்கலாம். ‘டயல் அமெரிக்காவுடையது’ என்று மட்டும் குறித்தால் எந்த உறுப்பைக் கண்டு அப்படிச் சொன்னோம் என்பது பிறருக்கு விளங்காது.

எழுத்துகளும் பொறித்த எண்தகடு, அது எந்த நாட்டுடையது என்பதற்கு நல்ல சான்று தரும். அமெரிக்கத் தகட்டில் ‘ஓ’ என்னும் ஆங்கில எழுத்து 6-உடன் நிற்கும். பழைய பிரிட்டன் தகட்டில் அது சுழியத்துடன் நிற்கும். எண்களும் எழுத்துகளும் விரல்வட்டுக்கு வெளியே, சுற்று வளையத்தில் அமைந்திருந்தால், வெஸ்டர்ன் எலக்ட்ரிக் என்னும் அமெரிக்க நிறுவனம் 1949-இல் அறிமுகப்படுத்திய 500 வகைத் தொலைபேசியை நினைக்க இடமுண்டு. ஆயினும் தகட்டை மட்டும் நம்பாமல், பொறியின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் தயாரிப்பாளர் குறியையும் ஆண்டையும், அடித்தகட்டிலும் ஒலிவாங்கியிலும் உள்ள ஆண்டுகளோடு ஒப்பிட வேண்டும். அவை வெகுதூரம் விலகி நின்றால், பிற்காலத்தில் உறுப்பு மாறியிருக்கிறது என்றே முதலில் ஐயுற வேண்டும்.

‘டயல் செய்’ என்ற வினைக்கு, வட்டுள்ள கருவியில் ‘எண் சுழற்று’ என்பது சரி. துடிப்புக்குப் பதிலாக ஒலித்தொனியால் எண்ணை அனுப்பும், 1963-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த தொனி விசைப்பலகைக்கு ‘எண் அழுத்து’ என்பதே பொருந்தும்.