மார்ச் இசைத்தட்டைச் 'சுத்தம்' செய்தால் முதலில் காணாமல் போவது சைட் டிரம்

ராணுவ பேண்டு வாசித்த மார்ச், அதாவது அணிவகுப்பு இசை, உள்ள பழைய 78 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 78 சுற்று) இசைத்தட்டை எம்பி3 ஆக்கித் தரச் சொல்லி எங்காவது கொடுத்துப் பாருங்கள். கைக்கு வரும் கோப்பில் கரகரப்பு இருக்காது, கீறல் சத்தம் இருக்காது. பெரும்பாலும் குச்சியால் அடிக்கும் சிறு முரசான சைட் டிரமும் இருக்காது. சிம்பல் மோதும் இடத்தில் யாரோ மூச்சு விட்டதுபோல ஒரு சத்தம், டிரம்பெட் போன்ற கார்னெட் உரக்க ஊதும் இடத்தில் ஒரு மழுங்கல். தட்டு பழசு, அதனால்தான் இப்படி என்று கேட்பவர் நினைத்துக்கொள்வார். தட்டில் அவை எல்லாம் நன்றாகவே இருந்தன. கணினிக்கு மாற்றியபோதுதான் போயின.

மற்ற இசையைவிட பேண்டு இசைக்கு இந்தச் சேதம் அதிகம். கீறல் நீக்கும் மென்பொருள் தேடுவது திடீரென்று எழுந்து அடங்கும் கூர்மையான அலையை. கார்னெட், டிரம்பெட், டிராம்போன் மூன்றும் உரத்து ஊதப்படும்போது எழுப்பும் அலை ஊசி ஊசியாகத்தான் இருக்கும். மென்பொருளுக்கு அதுவும் கீறல்தான். ஒவ்வொரு முனையாக நறுக்கிவிடுகிறது. சைட் டிரம்மில் குச்சி விழும் முதல் கணத்துக்கும் இதே கதி. அடுத்து வருவது இரைச்சல் குறைப்பு. தட்டின் தொடக்கத்தில் இசை வருவதற்கு முன் கேட்கும் 'சர்' ஒலியை மாதிரியாக எடுத்துக்கொண்டு, அதே சாயலில் உள்ளதையெல்லாம் அமுக்குவது இதன் வேலை. சைட் டிரம்மின் கீழ்த்தோலில் கம்பிகள் அதிரும் ஒலியும் சிம்பலின் ஒலியும் அச்சாக அந்தச் சாயல்தான். பாகவதர் பாட்டுக்கு ஓரளவு ஒத்துப்போன அதே அளவுகளை ஒரு மார்ச்சுக்கும் வைத்தால், மெட்டு மிஞ்சும், நடை போய்விடும்.

இதைக் கண்டுபிடிக்க நல்ல காதுகூட வேண்டாம். பெரும்பாலான மென்பொருள்களில் நீக்கப்பட்டதை மட்டும் கேட்கும் வசதி உண்டு. ஆடாசிட்டியின் இரைச்சல் குறைப்பில் அதற்குப் பெயர் ரெசிட்யூ. அந்த வசதி இல்லையென்றால், மூலக் கோப்பின் அலையைத் தலைகீழாக்கி, சுத்தம் செய்த கோப்போடு கலந்து ஓட்டுங்கள். கழித்தது மட்டும் கேட்கும். அந்தக் கழிவில் இடது வலது என்று கால் எடுத்து வைக்க முடிகிற அளவுக்குத் தாளம் கேட்டால், எடுக்கக்கூடாததை எடுத்திருக்கிறீர்கள். இரைச்சலை 3 முதல் 6 டெசிபல் வரை குறைப்பதோடு நிறுத்துவது நல்லது. பெரிய கீறல்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கையால் எடுக்கலாம். மீதிக் கரகரப்பு இருந்துவிட்டுப் போகட்டும். அரை நிமிடத்தில் காது அதைத் தள்ளிவைத்துவிடும்.

இதற்கெல்லாம் முன்னால், எதையும் நீக்காத மூலப் பிரதி ஒன்று கட்டாயம் வேண்டும். 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், இரண்டு தடங்கள், டபிள்யூஏவி வடிவம். நிமிடத்துக்கு ஏறக்குறைய 35 எம்பி, மூன்று நிமிடப் பக்கம் ஒன்றுக்கு 104 எம்பி. ஆயிரம் பக்கங்கள் சேர்ந்தாலும் 104 ஜிபிதான். இடம் போதாது என்று எம்பி3 மட்டும் வைத்துக்கொள்ள இன்று காரணமே இல்லை. வேறொருவரிடம் வேலையைக் கொடுத்தால், இந்தப் பிரதியும் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஊசி, தண்ணீர், ப்ரீஆம்ப்

78 தட்டை, பின்னால் வந்த வினைல் தட்டான எல்பிக்கு உரிய ஊசியில் ஓட்டக்கூடாது. எல்பி ஊசியின் முனை ஆரம் 0.018 முதல் 0.025 மில்லிமீட்டர். 78-க்கு 0.065 முதல் 0.09 வரை வேண்டும். வழக்கமாகத் தொடங்குவது 0.07-இல். சிறிய ஊசி பள்ளத்தின் அடியில் உட்கார்ந்து அங்கே சேர்ந்திருக்கும் தூசியைத்தான் வாசிக்கும். முனை தட்டையாக்கப்பட்ட ஊசி அடியைத் தொடாமல் சுவர்களில் மட்டும் நிற்கும் என்பதால் அதுவே சிறந்தது. சாவி கொடுக்கும் கிராமபோனில் பல முறை ஓடிய தட்டு என்றால், அதன் எஃகு ஊசி தேய்த்த உயரத்தைத் தவிர்க்க, ஒரு அளவு பெரியதும் ஒரு அளவு சிறியதும் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரே தட்டு, ஊசி மாறியதும் வேறு தட்டோ என்று தோன்றும். ஊசி தட்டின்மேல் அழுத்தும் எடை பெரும்பாலான 78 கார்ட்ரிட்ஜ்களுக்கு (ஊசி பொருத்திய தலை) 3 முதல் 5 கிராம்.

தட்டு மோனோவானாலும் இரண்டு தடங்களிலும் பதியுங்கள். பள்ளத்தின் ஒரு சுவர் தேய்ந்து மறு சுவர் நன்றாக இருப்பது சாதாரணம். இரண்டையும் தனித்தனியே கேட்டு நல்லதைத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டும் ஒரே தரத்தில் இருந்தால் கூட்டிவிடலாம், இசை பக்கவாட்டு அசைவில் இருப்பதால் மேல்கீழ் அசைவால் வரும் இரைச்சல் தானாகக் குறையும். எடிசன் டயமண்ட் டிஸ்க்கும் பழைய பாதே தட்டுகளும் இதற்கு நேர் எதிர். அவற்றில் இசையே மேல்கீழ் அசைவில்தான் இருக்கிறது. ஒரு தடத்தைத் தலைகீழாக்கிக் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் இரைச்சல் மட்டுமே மிஞ்சும்.

அரக்காலான 78 தட்டைக் கழுவ வாலை வடிநீரும், அயனி சேராத சோப்பு சில துளிகளும், மென்மையான பிரஷும் போதும். பள்ளத்தின் போக்கிலேயே தேய்த்து, லேபிளை நனைக்காமல், நிமிர்த்திவைத்து உலர்த்துங்கள். ஆல்கஹால் கலந்த எந்தத் திரவமும், எல்பிக்கென்று விற்கும் கிளீனர் உட்பட, அரக்கைக் கரைத்துவிடும். எடிசன் டயமண்ட் டிஸ்க் மேல் தண்ணீரே படக்கூடாது. நடுவில் இருக்கும் மரத்தூள் அட்டை ஊறினால் மேல்பூச்சு கழன்று வரும்.

அடுத்தது, ஊசியிலிருந்து வரும் மெல்லிய மின்சைகையைப் பெருக்கும் ப்ரீஆம்ப். இன்று கிடைப்பவற்றில் பெரும்பாலானவற்றில் ஆர்ஐஏஏ என்ற ஒலித் திருத்தம் உள்ளேயே இருக்கிறது. அது 1954-க்குப் பிறகு வந்த பொது அளவு. 10 கிலோஹெர்ட்ஸில் ஏறக்குறைய 14 டெசிபல் இறக்கும். எல்பிக்கு அது சரி, ஏனென்றால் அந்த அளவுக்கு ஏற்றித்தான் வெட்டியிருப்பார்கள். 1930-இல் பதிவான பேண்டுத் தட்டில் அப்படி ஏற்றவே இல்லை. அதற்கும் அதே இறக்கம் விழுந்தால் சிறு புல்லாங்குழலான பிக்கலோவும் சிம்பலும் போர்வைக்குள் போய்விடும். திருத்தம் இல்லாத ப்ரீஆம்ப்பில் எடுத்து, பிறகு கணினியில் சரிசெய்வதே முறை. எந்த அளவு என்பதைத் தட்டே சொல்லும். லேபிளைச் சுற்றியுள்ள வெற்றுப் பகுதியில் விக்டர் நிறுவனத் தட்டில் ஓவல் வளையத்துக்குள் விஇ என்ற எழுத்துகளோ, எச்எம்வி தட்டில் பதிவு எண்ணுக்குப் பின்னால் சிறு முக்கோணமோ இருந்தால் அது மைக் வைத்து எடுத்த, 1925-க்குப் பிந்திய மின்பதிவு. 200 முதல் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் ஏற்றினால் போதும். மேலே கைவைக்க வேண்டாம்.

கட்டை மாறிப்போன மார்ச்

அதிகம் பேர் தவறுவது வேகத்தில். 78 என்று எழுதியிருப்பதால் எல்லாமே 78-இல் ஓடும் என்று நம்பிவிடுகிறோம். 1920-களின் நடுப்பகுதி வரை 70-க்குச் சற்று மேலிருந்து 80 தாண்டியும் தட்டுகள் பதிவாகியிருக்கின்றன. கொலம்பியா நிறுவனம் தன் லேபிளிலேயே 80 என்று அச்சிட்டது. வேகம் 6 சதவீதம் பிசகினால் சுருதி அரைக் கட்டை மாறும்.

பேண்டு இசையில் இதைப் பிடிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. பித்தளைக் கருவிகளும் கிளாரினெட்டும் பி ஃபிளாட், ஈ ஃபிளாட் அடிப்படையில் செய்யப்படுவதால், மார்ச்சுகளைப் பெரும்பாலும் ஃபிளாட் சுருதிகளிலேயே எழுதுவார்கள். அமெரிக்க மார்ச் இசையமைப்பாளர் சௌசாவின் 'தி ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ் ஃபாரெவர்' ஈ ஃபிளாட்டில், அதாவது இரண்டரைக் கட்டையில் தொடங்கி, டிரியோ எனப்படும் பிற்பகுதியில் ஏ ஃபிளாட்டுக்கு, ஐந்தரைக் கட்டைக்குப் போகும். உங்கள் கோப்பில் அது மூன்று கட்டையில் தொடங்கினால் டர்ன்டேபிள் வேகமாக ஓடியிருக்கிறது. இரண்டு கட்டையென்றால் மெதுவாக. ஒத்துப்பார்க்க நல்ல மாதிரி வேண்டுமென்றால், அமெரிக்க மரீன் பேண்டு சௌசாவின் மார்ச்சுகளைப் புதிதாகப் பதிந்து, இசைக்குறிப்போடு தன் இணையதளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது.

பிரிட்டிஷ் பேண்டுகளிடம் வரும்போது இது சிக்கலாகிறது. 1920-களின் இறுதிவரை அந்நாட்டு ராணுவ பேண்டுகள் 'ஏ' சுரத்தை 440-இல் வைக்கவில்லை. 452 ஹெர்ட்ஸை ஒட்டி வைத்திருந்தன. இன்றைய சுருதியைவிட ஏறக்குறைய கால் கட்டை உயரம். பித்தளை பேண்டுகள் பலவற்றில் இது 1960-கள் வரைகூட நீடித்தது. கருவிகளே அந்த உயரத்துக்குச் செய்யப்பட்டவை, ஒரு ராணுவத்தின் எல்லாக் கருவிகளையும் ஒரே நாளில் மாற்ற முடியாது.

ஆகவே, 77.92 ஆர்பிஎம்மில் (பிரிட்டனில் 78 என்பதன் துல்லிய அளவு) சரியாக ஓடும் ஒரு கோல்ட்ஸ்ட்ரீம் கார்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் ராணுவ பேண்டின் தட்டு, அதில் மார்ச் ஈ ஃபிளாட்டில் இருந்தால், இரண்டரைக் கட்டைக்கும் மூன்று கட்டைக்கும் நட்டநடுவில் ஒலிக்கும். பியானோவோடு ஒத்துப்பார்ப்பவர் தட்டைக் குறை சொல்லி, கீழே இழுத்து 440-க்குக் கொண்டுவந்தால் வேகம் 75.8 ஆகும். மேலே தள்ளி மூன்று கட்டையில் உட்காரவைத்தால் 80.3. இரண்டுமே அந்தக் காலத்துத் தட்டுக்கு நம்பக்கூடிய வேகங்கள்தான், ஆபத்தே அதில்தான் இருக்கிறது. மூன்று கட்டை என்பது ஈ மேஜர். ராணுவ பேண்டு மார்ச்சுக்கு ஒவ்வாத சுருதி என்பதால் 80.3-ஐத் தள்ளிவிடலாம். மீதி இரண்டில் எது என்பதைச் சொல்வது பேண்டின் பெயரும் பதிவான ஆண்டும்தான். 75.8 என்று தவறாக முடிவெடுத்தால், நிமிடத்துக்கு 116 அடியில் வாசித்த மார்ச் 113-க்குத் தளரும். மூன்று நிமிடப் பக்கம் ஐந்து நொடி நீளும். கார்னெட்டின் பளபளப்பும் ஒரு படி மங்கும்.

நடை வேகத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாமே என்று தோன்றும். அமெரிக்க ராணுவ நடை நிமிடத்துக்கு 120 அடி, பிரிட்டிஷ் லைட் இன்ஃபன்ட்ரி 140, பிரெஞ்சு அந்நியப் படை 88. ஆனால் அந்த எண்கள் அணிவகுப்புத் திடலுக்கு உரியவை. ஸ்டூடியோவில் 10 அங்குலத் தட்டின் மூன்று நிமிடத்துக்குள் அடக்குவதற்காக விரட்டியும் வாசித்திருக்கிறார்கள், திரும்ப வாசிக்க வேண்டிய பகுதிகளை வெட்டியும் இருக்கிறார்கள். சுருதிதான் சாட்சி, நடை அல்ல.

டர்ன்டேபிளின் வேகத்தைச் சரிபார்க்க தட்டுபோல மேலே வைத்துச் சுழலவிடும், 77 கோடுகள் கொண்ட ஸ்ட்ரோப் அட்டை வேண்டும். நம் நாட்டின் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அந்தக் கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் 77.92. அமெரிக்காவிலிருந்து வரும் 92 கோட்டு அட்டை 60 ஹெர்ட்ஸுக்கானது, இங்கே பயன்படாது. எல்இடி பல்பின் கீழ் பெரும்பாலும் கோடுகள் தெரியவே தெரியாது. பழைய சோக் வைத்த டியூப்லைட்டோ சிறு நியான் விளக்கோ தேவை. தட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் சுருதியை இரண்டு முறை பாருங்கள். பதிவுக் கருவியே இடையில் தளர்ந்திருந்தால் இரண்டும் ஒத்துவராது. நீங்கள் எடுத்த முடிவை, என்ன வேகம், 'ஏ' எவ்வளவு என்று வைத்துக்கொண்டீர்கள் என்பதை, கோப்போடு எழுதிவையுங்கள். பின்னால் வருபவருக்கு வேறு ஆதாரம் கிடைக்கலாம்.

பேஸ் டிரம் இல்லாதது குறையல்ல

1925-க்கு முந்திய பதிவுகளில் மைக் கிடையாது. பெரிய கொம்பின் வாய்க்கு முன்னால் சில பேர் நெருக்கி நின்று ஊதினார்கள். ஒலியின் பலமே ஊசியை அசைத்து மெழுகில் வெட்டியது. வயலினுக்கு அந்தப் பலம் இல்லை, பேண்டுக்கு இருந்தது. அதனால்தான் அந்தக் காலத்துப் பட்டியல்களில் பேண்டு ரெக்கார்டுகள் அவ்வளவு அதிகம். 1890-இல் கொலம்பியா நிறுவனம் மரீன் பேண்டைப் பதிந்தபோது, அன்று இசை பதியப் பயன்பட்ட மெழுகு உருளையை நகலெடுக்க நல்ல வழி இல்லை. பேண்டைச் சுற்றிப் பல கருவிகளை வைத்து, அதே மார்ச்சைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் செய்தார்கள். பேஸ் டிரம்மை ஓங்கி அடித்தால் வெட்டும் ஊசி துள்ளிப் பள்ளத்தைக் கெடுத்துவிடும் என்பதால் அதைப் பெரும்பாலும் சேர்க்கவே மாட்டார்கள். இந்தத் தட்டுகளில் கீழ் ஒலி போதவில்லை என்று பேஸை ஏற்றினால் கிடைப்பது டர்ன்டேபிளின் உறுமல் மட்டும்தான். கேட்க வேண்டியது ட்யூபாவை; அது அங்கே இருக்கிறது.

லேபிளில் உள்ள பெயரையும் அப்படியே நம்ப வேண்டாம். 'சௌசாஸ் பேண்டு' என்று விக்டர் வெளியிட்ட தட்டுகளில் பெரும்பாலானவற்றை நடத்தியது சௌசா அல்ல, ஆர்தர் பிரையர் போன்றவர்கள். சௌசாவுக்குப் பதிவுக் கருவிமேல் இருந்த வெறுப்பு ஊரறிந்தது. 1906-இல் அதை எதிர்த்துக் கட்டுரையே எழுதினார். எனவே லேபிளோடு, உள் வெற்றுப் பகுதியில் பொறித்திருக்கும் பதிவு எண்ணையும், எத்தனையாவது முறை வாசித்துப் பதிந்தது என்று காட்டும் டேக் எண்ணையும் சாய்ந்த வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கத் தட்டு என்றால், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகம் நடத்தும் இணையப் பட்டியலில் அந்த எண்ணைக் கொண்டு பதிவு நாளையே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

எல்பிகளில் வேலை குறைவு. 1952-இல் ஃப்ரெடரிக் ஃபென்னல் தொடங்கிய ஈஸ்ட்மன் விண்ட் என்செம்பிள் என்ற ஊதுகருவிக் குழு மெர்குரி நிறுவனத்துக்காகச் செய்த முதல் பதிவுகள் ஒரே மைக்கில் எடுத்த மோனோ. அவற்றில் மேடையின் ஆழம் அப்படியே இருக்கிறது. செயற்கை ஸ்டீரியோ ஆக்கிக் கெடுக்காதீர்கள். அதே ஃபென்னல் 1978-இல் கிளீவ்லாந்தில் இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட்டின் பேண்டு இசைத் தொகுப்புகளை (சூட்) டெலார்க் நிறுவனத்துக்காக டிஜிட்டலில் பதிந்தபோது, பேஸ் டிரம் முழுப் பலத்தோடு தட்டில் ஏறியது. அந்த எல்பியில் ஊசி தாவினால் எடையைக் கூட்டாதீர்கள். முதலில் கார்ட்ரிட்ஜ் நேராக இருக்கிறதா, அதைத் தாங்கும் டர்ன்டேபிள் கை தடையில்லாமல் அசைகிறதா என்று பாருங்கள்.

இணையத்தில் ஏற்றும் முன் உரிமை விஷயம். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு, அது வெளியான அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. அமெரிக்காவில் 1923-க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகள் 2022 ஜனவரி 1 அன்று பொதுவுடைமையாயின. இசையமைத்தவரின் உரிமை இதிலிருந்து தனி: இங்கே அவர் இறந்த பிறகு 60 ஆண்டுகள். சௌசா இறந்தது 1932, 'கர்னல் போகி' மார்ச்சை எழுதிய ஆல்ஃபர்ட் இறந்தது 1945. இருவரின் மார்ச்சுகளும் இங்கே பொதுவுடைமைதான். பழைய மார்ச்சைப் புதிதாக யாராவது பேண்டுக்கு அமைத்திருந்தால், அந்த அமைப்புக்குத் தனி உரிமை இருக்கும். அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.