மெயில் கணக்கு அமைக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது?

கணினியில் தண்டர்பேர்டு போன்ற ஒரு மெயில் மென்பொருளை முதன்முதலாகத் திறந்தால், அது நம்மிடம் கேட்பது மூன்றே விஷயங்கள்தான்: பெயர், மின்னஞ்சல் முகவரி, கடவுச்சொல். கொடுத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினால் சில நொடிகளில் இன்பாக்ஸ் கண் முன்னே வந்துவிடும். ஒரு கணக்கைச் சேர்த்துவிட்டோம் என்று நாமும் அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் அது ஒற்றைக் கணக்கே இல்லை. மெயில் வாங்குவதற்கு ஓர் ஏற்பாடு, அனுப்புவதற்கு வேறோர் ஏற்பாடு, தொடர்புகளைக் கொண்டுவர மூன்றாவதாக இன்னொன்று. வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு காலத்தில் வகுத்தவை இவை. ஒன்றில் நடப்பது மற்றொன்றுக்குத் தெரியாது. "மெயில் வருது சார், ஆனா போகமாட்டேங்குது" என்று அலுவலகங்களில் அடிக்கடி காதில் விழும் புலம்பல் இதனால்தான் சாத்தியமாகிறது.

முதலில் பெயர்ப் பெட்டி. இதில் எதை எழுதினாலும் எந்த சர்வரும் சரிபார்ப்பதில்லை. நாம் அனுப்பும் ஒவ்வொரு மெயிலின் தலைப்பகுதியிலும் 'அனுப்புநர்' என்ற வரியில் அது ஒட்டப்படுகிறது, அவ்வளவுதான். தமிழிலேயே பெயரை எழுதலாமா? தாராளமாக எழுதலாம். ஆனால் மெயிலின் தலைப்பகுதி பிறந்த காலத்தில் ஆங்கில எழுத்துகளையும் சில குறிகளையும் தவிர வேறெதற்கும் அதில் இடமில்லை. அதனால் 1992-ல் ஒரு மாற்றுவழி கண்டார்கள். அந்த வழியில்தான் இன்று தமிழ் எழுத்தை யுடிஎஃப்-8 என்ற முறையில் பைட்டுகளாக்கி (கணினி சேமித்துவைக்கும் சிறு எண் துண்டுகள்), அந்தப் பைட்டுகளை பேஸ்64 என்ற முறையில் ஆங்கில எழுத்துகளாகவும் எண்களாகவும் மாற்றி அனுப்புகிறோம். யுடிஎஃப்-8-ல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட்டுகள். பேஸ்64-ல் 3 பைட்டுகள் 4 எழுத்துகளாகும். கணக்கு இப்படிக் கச்சிதமாகப் பொருந்துவதால் ஒரு வேடிக்கை நடக்கிறது: தமிழ்ச் சொல் ஒன்றை மாற்றினால் நான்கு நான்கு எழுத்தாகப் பிரியும், ஒவ்வொரு நான்கும் '4கே6' என்றோ '4கே+' என்றோதான் தொடங்கும். 'அ' என்ற எழுத்து '4கே6எஃப்' ஆகிவிடும். எப்போதாவது அனுப்புநர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறிகளுக்கு நடுவே '4கே6, 4கே6' என்று நீளமாக ஏதோ வந்திருந்தால், உங்களுக்கு யாரோ தமிழில் எழுதியிருக்கிறார்கள், அதைத் திருப்பிப் படிக்க அந்த மென்பொருளுக்குத் தெரியவில்லை என்று பொருள்.

அடுத்தது முகவரி. இங்கேதான் சுவாரசியமான தேடல் தொடங்குகிறது. நாம் கொடுத்த முகவரியில் 'அட்' குறிக்குப் பின்னால் இருக்கும் டொமைன் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, மெயில் எந்த சர்வரில் இருக்கிறது, எந்த போர்ட் எண்ணில் (ஒரே சர்வரில் ஒவ்வொரு சேவைக்கும் இருக்கும் வாசல் எண்) பேச வேண்டும், எப்படி உள்நுழைய வேண்டும் என்று எல்லாவற்றையும் மென்பொருளே கண்டுபிடித்தாக வேண்டும். 2009-ல் வந்த தண்டர்பேர்டு 3-க்கு முன்பு இந்த வேலை நம் தலையில்தான் இருந்தது. இணையச் சேவை நிறுவனம் கொடுத்த தாளைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தட்டச்ச வேண்டும். இப்போது தண்டர்பேர்டு பல இடங்களில் விசாரிக்கிறது. அந்த டொமைன்காரரே தன் அமைப்புகளை ஒரு கோப்பாக எழுதி, குறிப்பிட்ட ஒரு முகவரியில் வைத்திருக்கிறாரா என்று பார்க்கும். இல்லையென்றால், ஜிமெயில், யாஹூ மாதிரிப் பிரபல சேவைகளின் அமைப்புகளைத் தொகுத்து தண்டர்பேர்டு குழு வைத்திருக்கும் தரவுத்தளத்தில் தேடும். அங்கே டொமைன் பெயர் மட்டுமே போகிறது. முழு முகவரியும் போகாது, கடவுச்சொல்லும் போகாது.

சரி, உங்கள் கம்பெனிக்குச் சொந்த டொமைன் இருக்கிறது, அது அந்தப் பட்டியலில் இல்லை. அப்போது? இணையத்தின் பெயர்ப் பதிவேடான டிஎன்எஸ்-இல் ஒவ்வொரு டொமைனுக்கும் 'எனக்கு வரும் மெயிலை இந்த சர்வரிடம் கொடுங்கள்' என்று ஒரு பதிவு இருக்கும். எம்எக்ஸ் என்பார்கள். அது கூகுளைக் காட்டினால் கூகுளின் அமைப்பு, சென்னை நிறுவனமான ஜோஹோவைக் காட்டினால் ஜோஹோவின் அமைப்பு என்று மென்பொருள் முடிவுகட்டிவிடும். அதுவும் கைகொடுக்காவிட்டால் கடைசி வழி, குத்துமதிப்புதான். டொமைனுக்கு முன்னால் 'ஐமேப்', 'மெயில்', 'எஸ்எம்டிபி' என்று போட்டு, வழக்கமான போர்ட் எண்களில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். சிறிய நிறுவனங்களின் கணக்கைச் சேர்க்கும்போது திரை வெகுநேரம் சுற்றிக்கொண்டே இருப்பது இந்தக் கட்டத்தில்தான்.

பிறகு, நாம் யாரென்று நிரூபிப்பது. பழைய முறை எளிது: கடவுச்சொல்லைக் கணினியில் சேமித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் சர்வரிடம் காட்டுவது. இப்போது பெரிய சேவைகள் இதை ஏற்பதில்லை. தனிநபர் ஜிமெயில் கணக்குகளுக்கு 2022 மே மாத இறுதியோடு கூகுள் இதை நிறுத்தியது. இப்போது கூகுளின் பக்கமே ஒரு சிறு ஜன்னலாகத் திறக்கும், கடவுச்சொல்லை அங்கே கொடுப்போம், மென்பொருளின் கைக்கு வருவது, கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் காட்ட ஒரு டோக்கன், அதாவது தற்காலிக அனுமதிச் சீட்டு மட்டும். ஓஆத் என்று இதற்குப் பெயர். ஒரு டோக்கன் சுமார் ஒரு மணி நேரம் செல்லும். அதைப் புதுப்பித்துக்கொள்ள இன்னொரு டோக்கன் கூடவே வரும். கூகுள் கடவுச்சொல்லை மாற்றினால் மெயிலுக்கான டோக்கன்கள் செல்லாமல் போய்விடும். பாஸ்வேர்டு மாற்றிய மறுநாள் காலையில் மெயில் மென்பொருள் மறுபடி உள்நுழையச் சொன்னால் பதற வேண்டியதில்லை. ஓஆத் இல்லாத பழைய மென்பொருள் வைத்திருப்பவர்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு 16 எழுத்துகள் கொண்ட தனிக் கடவுச்சொல் ஒன்றை கூகுளிடம் வாங்கிப் போடலாம்.

உள்ளே போயாயிற்று. மெயிலை எப்படி வாங்குவது? பாப், ஐமேப் என்று இரண்டு வழிகள். பாப் 1984-ல் வந்தது. இணைப்பு விட்டுவிட்டுக் கிடைத்த காலத்துக்கு ஏற்ற எளிய நெறிமுறை (கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் விதிகள்): இணை, எத்தனை மெயில் இருக்கிறதென்று கேள், இறக்கு, வேண்டுமானால் சர்வரிலிருந்து நீக்கு, கிளம்பு. படித்தது எது, படிக்காதது எது என்ற எண்ணமே அதற்குக் கிடையாது. ஃபோல்டர்களும் கிடையாது. மெயில் பார்ப்பது ஒரே கணினியோடு முடிந்துவிட்ட காலத்தில் இது போதும். கைப்பேசி, வீட்டு லேப்டாப், அலுவலகக் கணினி என்று மூன்றிலும் மெயில் பார்க்கும் ஒருவருக்கு இன்றைக்கும் யாராவது பாப் வைத்துக் கொடுத்தால், அது அவருக்குச் செய்யும் தீங்கு என்றே சொல்வேன்.

ஐமேப் 1986-ல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிறிஸ்பின் வகுத்தது. இதில் மெயிலின் அசல் சர்வரிலேயே இருக்கும், நம் கணினியில் இருப்பது நகல். அந்த நகல் அசலோடு எப்படி ஒத்துப்போகிறது என்பதில்தான் இதன் அழகு. ஒரு ஃபோல்டருக்குள் வரும் ஒவ்வொரு மெயிலுக்கும் சர்வர் ஓர் எண் தருகிறது. அந்த எண் ஏறுவரிசையிலேயே போகும். மெயிலை அழித்தாலும் அதன் எண்ணை வேறொன்றுக்குத் தருவதில்லை. ஆகவே தண்டர்பேர்டு தன்னிடம் இருக்கும் கடைசி எண்ணை மட்டும் நினைவில் வைத்திருந்தால் போதும். அது 48210 என்றால், 'அதற்கு மேல் ஏதாவது உண்டா?' என்று கேட்கும். ஆயிரக்கணக்கான மெயில்களை மறுபடி ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையே இல்லை. எப்போதாவது சர்வர் தன் எண்வரிசையைத் தொடர முடியாமல் போனால், அந்த ஃபோல்டருக்கென்று இருக்கும் வேறொரு அடையாள எண்ணை மாற்றிவிடும். அது மாறியிருந்தால் பழைய நகலை நம்பாதே, எல்லாவற்றையும் புதிதாக இறக்கு என்று பொருள்.

ஒவ்வொரு மெயிலோடும் சில கொடிகளும் உண்டு: படித்தது, பதில் போட்டது, முக்கியமானது, வரைவு, நீக்கியது. கைப்பேசியில் ஒரு மெயிலைத் திறந்தால் சர்வரில் 'படித்தது' கொடி ஏறும். கணினி அடுத்த முறை கொடிகளைக் கேட்கும்போது அங்கே தடித்த எழுத்து சாதாரண எழுத்தாகிவிடும். 'நீக்கியது' என்பதும் கொடிதான். துடைத்துவிடு என்று தனியாக ஒரு கட்டளை போகும்வரை மெயில் சர்வரில் அப்படியே இருக்கும். புது மெயில் வந்தவுடன் திரையில் எட்டிப் பார்க்கிறதே, அதற்கும் ஓர் ஏற்பாடு உண்டு. மென்பொருள் 'நான் சும்மா இருக்கிறேன், ஏதாவது வந்தால் சொல்' என்று இணைப்பைத் திறந்தே வைத்துக் காத்திருக்கும். அசைவில்லாத இணைப்பை அரை மணி நேரத்தில் சர்வர் துண்டித்துவிடக்கூடும் என்பதால், 29 நிமிடங்களுக்கு ஒருமுறையாவது அதைப் புதுப்பிக்கச் சொல்கிறது விதி.

இத்தனைக்கும் ஐமேப்பால் ஒரு மெயிலைக்கூட யாருக்கும் அனுப்ப முடியாது. அனுப்புவது எஸ்எம்டிபி என்ற வேறொரு நெறிமுறையின் வேலை. 1982-ல் ஜான் போஸ்டல் அதை எழுதியபோது கடவுச்சொல் என்ற பேச்சே அதில் இல்லை. யாரும் எந்த சர்வரிடமும் போய் 'இதை இன்னாருக்குச் சேர்த்துவிடு' என்று சொல்லலாம், அதுவும் சேர்த்துவிடும். பின்னால் வந்த ஸ்பேம் வெள்ளத்துக்கு இந்தத் தாராளம் நன்றாகவே உதவியது. அதனால் வழியைப் பிரித்தார்கள். சர்வரும் சர்வரும் பேசிக்கொள்ள போர்ட் 25, வாடிக்கையாளர் கடவுச்சொல்லோடு வந்து மெயிலை ஒப்படைக்க 587. இது 1998-ல் வந்தது. 465-இன் கதை கொஞ்சம் பரிதாபமானது. மறையாக்கம் செய்த அனுப்புதலுக்கென்று 1997-ல் பதிவாகி, சீக்கிரமே அந்தப் பதிவு ரத்தாகி, எண் வேறொன்றுக்குப் போனது. ஆனால் உலகம் அதைப் பொருட்படுத்தாமல் பயன்படுத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் 2018-ல் அதற்கு மறுபடி அங்கீகாரம் கிடைத்தது. யாராவது 25-ஐப் போட்டுப் பார்க்கச் சொன்னால் போடாதீர்கள். பல இணைய நிறுவனங்கள் வீட்டு இணைப்பிலிருந்து அந்த வழியை அடைத்தே வைத்திருக்கின்றன.

இரண்டாவது கணக்கைச் சேர்க்கும்போது கவனிக்க வேண்டியதும் இந்த அனுப்பும் பக்கத்தைத்தான். அலுவலக முகவரியைச் சேர்த்துவிட்டு, அனுப்பும் சர்வராக ஏற்கெனவே இருந்த சொந்தக் கணக்கினுடையதையே விட்டுவிடுவது சகஜம். சில சர்வர்கள் மறுத்துவிடும், அது நல்லது. சில சர்வர்கள் அனுப்பிவிடும். ஆனால் பெறுகிற சர்வர் சும்மா இருக்காது. 'இந்த டொமைன் பெயரில் மெயில் அனுப்ப இந்த சர்வருக்கு அனுமதி உண்டா?' என்று அந்த டொமைனின் டிஎன்எஸ் பதிவைப் பார்க்கும். இல்லையென்றால் உங்கள் கொட்டேஷன் வாடிக்கையாளரின் ஸ்பேம் ஃபோல்டரில் கிடக்கும். நீங்களோ பதில் வரவில்லையே என்று காத்திருப்பீர்கள்.

அனுப்பும்போது இன்னொன்றும் நடக்கிறது. மெயிலை எஸ்எம்டிபி கொண்டுபோய்விடும், ஆனால் 'அனுப்பியவை' ஃபோல்டரில் நகல் வைப்பது அதன் வேலையில்லை. பல சேவைகளில் மென்பொருளே அதே மெயிலை ஐமேப் வழியாக இரண்டாம் முறை ஏற்றி அங்கே வைக்கிறது. இணைப்புக் கோப்பும் பேஸ்64-ஆக மாறுவதால் அதன் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும். 15 எம்பி கோப்பு 20 எம்பியாகி, இருமுறை ஏறி, 40 எம்பியாக உங்கள் டேட்டாவில் கழியும். மெயில் போய்விட்டது, ஆனால் நகலைச் சேமிக்க முடியவில்லை என்று எச்சரிக்கை வந்தால் திரும்ப அனுப்பிவிடாதீர்கள். அவருக்கு ஏற்கெனவே கிடைத்திருக்கும்.

இனி தொடர்புகள். ஐமேப்புக்கு தொடர்புகள் என்றால் என்னவென்றே தெரியாது. மெயிலெல்லாம் வந்துவிட்டது, முகவரிப் புத்தகம் மட்டும் காலியாக இருக்கிறதே என்றால், காரணம் இதுதான். அதற்கு கார்டுடேவ் என்ற தனி நெறிமுறை இருக்கிறது, 2011-ல் வரையறுத்தது. கூகுளில் அதற்கென்று தனி அனுமதியும் கேட்கப்படும். அதில் ஒவ்வொரு தொடர்பும் விகார்டு என்ற ஒரு சிறு உரைக் கோப்பு. சர்வர் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பதிப்பு முத்திரை தரும். நீங்கள் கணினியில் ஒருவரின் எண்ணைத் திருத்திச் சேமிக்கும்போது, கையிலிருக்கும் முத்திரையையும் மென்பொருள் சேர்த்து அனுப்பினால், அதற்குள் கைப்பேசியில் யாராவது அதே தொடர்பை மாற்றியிருப்பது சர்வருக்குத் தெரிந்துவிடும். திருத்தத்தை அது திருப்பி அனுப்பிவிடும். முந்தைய மாற்றம் காணாமல் போகாது.

விகார்டு நம் பெயர்களோடு கொஞ்சம் தகராறு செய்யும். குடும்பப் பெயர், இட்ட பெயர், நடுப் பெயர், முன்னொட்டு, பின்னொட்டு என்று ஐந்து அறைகளை அது வைத்திருக்கிறது. க. முருகனின் 'க.'வை எங்கே போடுவது? பலரும் கடைசிப் பெயர் அறையில் போட்டுவிடுகிறார்கள். கடைசிப் பெயர்படி வரிசைப்படுத்தினால் முருகன்கள் எல்லாரும் அவரவர் அப்பா பெயரின் முதலெழுத்தில் போய் நிற்பார்கள். 'காட்டும் பெயர்' என்று தனி அறை ஒன்று உண்டு. அதில் முழுப் பெயரையும் நாம் கூப்பிடுகிற விதத்திலேயே எழுதி, பட்டியலையும் அதன்படியே காட்டச் சொன்னால் சிக்கல் தீர்ந்தது.

எக்செல்லில் இருக்கும் பட்டியலை சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெற்று உரை) கோப்பாக்கி ஏற்றுபவர்களுக்கு ஒன்று. சேமிக்கும்போது வெறும் சிஎஸ்வி என்பதைத் தேர்ந்தெடுத்தால், தமிழெழுத்துக்கு இடமில்லாத பழைய குறியீட்டில் போய் விழுந்து, பெயரெல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். அந்தக் கோப்பிலிருந்து தமிழை மீட்கவே முடியாது, எழுத்து நிஜமாகவே தொலைந்திருக்கும். சிஎஸ்வி யுடிஎஃப்-8 என்று தனியாக ஒரு தேர்வு இருக்கிறது, அதுதான் வேண்டும். சிஎஸ்வி-யில் ஆளுக்கு ஓர் அடையாள எண் என்று எதுவும் இல்லாததால், அதே கோப்பை மறுபடி ஏற்றினால் எல்லாரும் இரண்டிரண்டாக வந்து நிற்பார்கள். முதலில் இரண்டு பேரை மட்டும் வைத்து ஒரு கோப்பு செய்து, புதிதாக ஒரு முகவரிப் புத்தகம் திறந்து அதில் ஏற்றிப் பாருங்கள். சரியாக வந்தால் மிச்சத்தை ஏற்றலாம். வராவிட்டால் அந்தப் புத்தகத்தையே அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம்.