எந்தப் படத்துக்கு எந்த வயது? திரையரங்கிலும் வீட்டிலும் பிள்ளைகளுக்கான விதிகள்

தீபாவளிப் படத்துக்குக் குடும்பமாகப் போவது தோட்டப்புறத்தில் இன்றும் விடாத வழக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து பாட்டி, பேரன், பேத்தி என்று ஒரு வண்டி நிறைய ஈப்போவில் போய் இறங்கி, நுழைவாயிலில் டிக்கெட்டை நீட்டும்போதுதான் “இது 16 வயதுப் படம், தம்பியை உள்ளே விட முடியாது” என்பார்கள். அப்பா கூடவே வருகிறாரே என்று வாதாடிப் பயனில்லை. கொடுத்த பணமும் பெரும்பாலும் திரும்பாது. அதே பிள்ளை அன்று இரவே அதைவிடக் கொடூரமான சண்டைக் காட்சியைப் பாட்டியின் கைப்பேசியில் பார்த்தால் தடுக்க அங்கே யாரும் இல்லை. சட்டம் எதுவரை காவல் நிற்கிறது, எந்த இடத்திலிருந்து அந்தக் காவல் வீட்டார் பொறுப்பாகிறது என்பதைப் பெற்றோர் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

திரையரங்கில் ஐந்து வகை

மலேசியாவில் திரையிடப்படும் எந்தப் படமும் உள்துறை அமைச்சின் கீழ் இயங்கும் திரைப்படத் தணிக்கை வாரியத்தின் அனுமதி பெற வேண்டும். 2002ஆம் ஆண்டின் திரைப்படத் தணிக்கைச் சட்டம் இதற்கு அடிப்படை. பாதுகாப்பும் பொது ஒழுங்கும், சமயம், சமூகப் பண்பாடு, ஒழுக்கம் என்ற நான்கு கோணங்களில் படத்தைப் பார்த்து, வெட்ட வேண்டியதை வெட்டச் சொல்லி, பிறகு வயது வகை கொடுக்கிறார்கள். முன்பு யு, பி13, 18 என்று மூன்றுதான் இருந்தன. 2023இல் அவை யு, பி12, 13, 16, 18 என ஐந்தாக விரிந்தன.

யு என்றால் எல்லா வயதினரும் பார்க்கலாம். 13, 16, 18 ஆகிய மூன்றும் அந்த வயது நிரம்பியவர்களுக்கு மட்டும். பெற்றோர் துணை என்ற பேச்சே இவற்றில் கிடையாது. அதிகம் குழப்புவது பி12. பன்னிரண்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை பெற்றோரின் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்பதே அதன் பொருள். அதைச் சின்னப்பிள்ளைப் படம் என்று எடுத்துக்கொண்டு பிள்ளைகளை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டுப் பேரங்காடியில் சுற்றுவது தவறு. பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். பிள்ளை முகத்தை மூடிக்கொண்டால் பாதியில் வெளியே அழைத்து வரவும் அவர் தயாராக இருக்க வேண்டும்.

வயதைக் கணக்கிடுவதிலும் ஒரு பிசகு நடக்கிறது. “பையன் படிவம் ஒன்று (இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டு) படிக்கிறான், அதனால் 13” என்பார்கள். பதின்மூன்று நிரம்பும் ஆண்டின் தொடக்கத்திலேயே படிவம் ஒன்றுக்குப் போய்விடுவதால், அவன் பிறந்தநாள் வரும்வரை 12 வயதுக்காரன்தான். அடையாள எண்ணின் முதல் ஆறு இலக்கங்களைப் பாருங்கள். 130917 என்று தொடங்கினால் 2013 செப்டம்பர் 17இல் பிறந்தவன். 2026 செப்டம்பர் 16 வரை அவனுக்கு 12 வயதுதான். 12 வயதானவர்கள் மைகாட் அடையாள அட்டையைக் கையில் எடுத்துப் போக வேண்டும். அதற்கும் சின்னவர்கள் என்றால் மைகிட் என்ற பிள்ளைகள் அட்டையில் அதே எண் இருக்கும். இணையத்தில் டிக்கெட் எடுக்கும்போது யாரும் அட்டை கேட்பதில்லை. வாசலில்தான் கேட்பார்கள்.

இந்தியாவில் கொடுத்த சான்றிதழை நம்பிப் போவதும் சரிவராது. அங்கே யு, யுஏ, ஏ என்று வேறு வரிசை. 2024 முதல் யுஏ வகையை 7, 13, 16 என மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். நம் வாரியம் தனியாகப் பார்த்துத் தனியாக வகை கொடுக்கிறது. ஆகவே சென்னையிலிருந்து வரும் யூடியூப் விமர்சனத்தில் சொல்லும் எழுத்தை விட்டுவிட்டு, திரையரங்கின் செயலியில் படத்தின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள்.

வயது வகை ஒரு குறைந்தபட்ச வேலி மட்டுமே. நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைக்கு நடிப்பு எது, நிஜம் எது என்ற வேறுபாடு முழுதாகப் பிடிபடாது. படத்தின் முடிவில் நாயகன் நியாயம் கேட்கிறான் என்பதும் அதற்கு எட்டாது. ரத்தம், அலறல், தாயைத் தாக்கும் காட்சி ஆகியவைதான் மனத்தில் நிற்கும். தூக்கத்தில் அழுவது, தனியாகக் கழிவறைக்குப் போக மறுப்பது, பழையபடி படுக்கையை நனைப்பது போன்றவை சில நாள் தொடரலாம். பெரிய பிள்ளைகளும் வன்முறை விளையாட்டுகளும் பற்றிய ஆய்வுகளில் ஒரு சமநிலை தேவை. கத்துவது, தள்ளுவது போன்ற முரட்டுத்தனத்தோடு சிறிய அளவில் தொடர்பு உண்டு என்றும், கொலை போன்ற குற்றங்களுக்கு விளையாட்டைக் காரணம் காட்ட அறிவியல் ஆதாரம் போதாது என்றும் அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் சொன்னது. விளையாடும் பையனைக் குற்றவாளியாகப் பார்க்கத் தேவையில்லை. ஆனால் நான்கு வயதுத் தங்கையை மடியில் வைத்துக்கொண்டு அவன் துப்பாக்கி விளையாட்டு ஆடுவதை நிறுத்தத்தான் வேண்டும்.

சட்டத்தின் கை எட்டாத இடம்

நெட்ஃபிளிக்ஸ் போன்ற இணைய ஒளிபரப்புப் படங்களைத் தணிக்கை வாரியம் பார்த்து வெட்டுவதில்லை. இணையம் 1998ஆம் ஆண்டின் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் கீழ் வருகிறது. அதைக் கண்காணிப்பது மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம். அங்கே காணும் வயது எண் அந்தந்த நிறுவனம் போட்டது. கைப்பேசி விளையாட்டுகளுக்கும் வாரியத்தின் முத்திரை கிடையாது.

2026 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகளைப் பாதுகாக்கும் ஏற்பாடுகளைச் செய்யும்படி பெரிய சமூக ஊடகத் தளங்களைக் கட்டாயப்படுத்துகிறது. நல்ல சட்டம். ஆனால் அது சினிமாவுக்கு வயது வகை போடும் சட்டம் அன்று, தனிப்பட்ட செய்திப் பரிமாற்றமும் அதற்குள் வராது. மாமா வாட்சாப் குடும்பக் குழுவில் போட்ட விபத்துக் காணொளி பிள்ளையின் கண்ணில் படாமல் தடுப்பது குடும்பத்தின் கையில்தான்.

பூட்டுப் போடும் முறை

பிளே ஸ்டோரிலிருந்து தொடங்கலாம். வலது மேல்மூலையில் உள்ள சுயவிவரப் படத்தைத் தொட்டு, அமைப்புகள், குடும்பம், பெற்றோர் கட்டுப்பாடு என்று போனால் பின் எண் கேட்கும். எண் போட்டபின் விளையாட்டுக்கான வயதைத் தேர்ந்தெடுங்கள். மலேசியாவில் 3+, 7+, 12+, 16+, 18+ என்ற வரிசை தெரியும். ஆரம்பப்பள்ளியில் முதல் மூன்று ஆண்டு படிப்பவர்களுக்கு 7+ போதும் என்பது எங்கள் கருத்து.

இந்தப் பூட்டு தோற்கும் இடங்கள் மூன்று. ஏற்கெனவே இறக்கிவைத்த விளையாட்டை இது அகற்றாது, நாம்தான் தேடி நீக்க வேண்டும். ஒரு கைப்பேசியில் போட்டால் அந்தக் கைப்பேசிக்கு மட்டும்தான். பிளே ஸ்டோருக்கு வெளியே, நண்பன் அனுப்பிய ஏபிகே கோப்பாக வரும் விளையாட்டை இது கண்டுகொள்ளாது. அதனால் தெரியாத செயலிகளை நிறுவும் அனுமதியையும் அமைப்புகளில் மூடிவிடுங்கள். இன்னொன்று, அந்த வயது எண் விளையாட்டின் உள்ளடக்கத்துக்கானது. ஆடும்போது முன்பின் தெரியாதவர் மைக்கில் பேசும் கெட்ட வார்த்தைக்கு எந்த எண்ணும் பொறுப்பேற்காது. குரல் அரட்டையை விளையாட்டின் உள்ளேயே போய் நிறுத்த வேண்டும்.

பிள்ளைக்கென்று தனிக் கைப்பேசி இருந்தால் கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலி நல்ல வழி. பிள்ளையின் பெயரில் கூகுள் கணக்கைத் திறந்து பெற்றோர் கணக்கோடு இணைத்தால், எந்தச் செயலிக்கும் உங்கள் அனுமதி கேட்டு வரும். நாளுக்கு எவ்வளவு நேரம் என்பதையும் அங்கேயே வைக்கலாம். கணக்குத் திறக்கும்போது உண்மையான பிறந்த தேதியைக் கொடுங்கள். சீக்கிரம் முடியட்டும் என்று கடைக்காரரோ அண்ணனோ 1990 என்று போட்டுவிட்டால், அந்த ஏழு வயதுப் பிள்ளையை எல்லாத் தளமும் பெரியவராகவே நடத்தும். ரோப்லாக்ஸ் என்ற இணைய விளையாட்டுத் தளத்தின் கணக்கிலும் இதே கதைதான். முதலில் போய்ப் பார்க்க வேண்டியது அங்கே உள்ள பிறந்த தேதியை.

பாட்டியின் கைப்பேசி வேறு மாதிரி. அப்பாவும் அம்மாவும் மாறுநேர வேலைக்குப் போனபின் மாலை முழுக்க அதுதான் பிள்ளையின் கையில் இருக்கிறது, அது பெரியவர் கணக்கில் ஓடுகிறது. இதில் யூடியூப் கிட்ஸ் செயலியை இறக்கி, நான்கு வயது வரை, 5 முதல் 8, 9 முதல் 12 என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மிகச் சிறியவர்களுக்கு, நீங்கள் ஒப்புக்கொண்ட காணொளிகள் மட்டும் என்ற நான்காவது வழி இன்னும் நல்லது. தேடலை நிறுத்திவிடுங்கள். பெற்றோர் பகுதிக்குள் நுழைய அந்தச் செயலி முதலில் ஒரு பெருக்கல் கணக்குத்தான் கேட்கும். ஏழெட்டு ஐம்பத்தாறு என்று வாய்ப்பாடு சொல்லும் மூன்றாம் ஆண்டு மாணவனுக்கு அது ஒரு பூட்டே இல்லை. நீங்களே நான்கிலக்க எண் ஒன்றை வையுங்கள். பிறகு கைப்பேசியின் பாதுகாப்பு அமைப்பில், ஒரே செயலியைத் திரையில் நிறுத்திவைக்கும் ‘பின்’ வசதியை இயக்கினால், கைப்பேசியின் பூட்டு எண் தெரியாமல் பிள்ளை அதைவிட்டு வெளியே வர முடியாது. பாட்டிக்கு எண்ணைச் சொல்லிவையுங்கள், பிள்ளை பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து.

நெட்ஃபிளிக்ஸில் பிள்ளைக்குத் தனி சுயவிவரம் உருவாக்கிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் பலர். தொலைக்காட்சியைத் திறந்ததும் அப்பாவின் படமும் அங்கேயே இருக்கும், பிள்ளை அதைத்தான் தொடும். பூட்டு வேண்டியது அப்பாவின் சுயவிவரத்துக்கு. இணைய உலாவியில் கணக்குப் பக்கத்துக்குப் போய் அதற்கு நான்கிலக்க எண் போடுங்கள், வீட்டு எண்ணோ பிறந்த ஆண்டோ வேண்டாம்.

நேரத்துக்கும் ஓர் அளவு உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் தந்த வழிகாட்டுதலின்படி ஒரு வயதுக் குழந்தைக்கும் அதற்குக் கீழுள்ளவர்களுக்கும் திரையே வேண்டாம். 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது.

திடலில் படம் போடுவோர் கவனத்துக்கு

கோயில் திருவிழாவிலும் தோட்டத்து மண்டபத்திலும் பெரிய திரை கட்டிப் படம் போடும் ஆசை இன்னும் இருக்கிறது. வாரியத்தின் அனுமதி பெறாத படத்தைத் திரையிடுவது குற்றம். ஃபிலிம் சுருள், குறுந்தட்டு, வன்தட்டு எல்லாமே சட்டத்தின் பார்வையில் படம்தான். தண்டனை 5,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். நற்காரியம், இலவசம் என்பதெல்லாம் விலக்கு ஆகாது. இணையத்திலிருந்து இறக்கிய பிரதி வெட்டுப்படாதது என்பதையும், முன்வரிசையில் பாய் விரித்து உட்காரப்போவது சின்னப்பிள்ளைகள் என்பதையும் செயலவையினர் நினைக்க வேண்டும். வாரியம் யு வகை கொடுத்த படத்தை, உரிமையாளரிடம் முறையாக எழுத்தில் இசைவு வாங்கித் திரையிடுங்கள்.

எங்கே புகார் செய்வது

இணையத்தில் பிள்ளைக்குத் தீங்கான உள்ளடக்கம் கண்ணில் பட்டால் முதலில் அந்தத் தளத்திலேயே புகார் கொடுங்கள். பிறகு தொடர்பு பல்லூடக ஆணையத்துக்கு 1-800-188-030 என்ற எண்ணில் அழைக்கலாம், அதன் புகார் இணையவாசலிலும் பதியலாம். இணைப்பின் முழு முகவரி, கணக்கின் பெயர், பார்த்த தேதியும் நேரமும், திரைப்பிடி ஆகியவை இருந்தால்தான் வேலை நகரும். “டிக்டாக்கில் ஏதோ வந்தது” என்றால் அவர்களால் தேட முடியாது. ஆபாசப் படமாக இருந்தால், அதிலும் பிள்ளைகள் இருப்பதாக இருந்தால், சாட்சிக்காகக்கூட யாருக்கும் அனுப்பாதீர்கள், சேமிக்கவும் வேண்டாம். முகவரியை மட்டும் எழுதிக்கொண்டு நேரே போலீஸுக்குப் போங்கள்.

வயது பார்க்காமல் பிள்ளைகளை உள்ளே விடும் திரையரங்கு பற்றிய புகார் உள்துறை அமைச்சுக்கு. கணினி விளையாட்டுக் கடை பற்றியது உரிமம் கொடுத்த ஊராட்சி மன்றத்துக்கு, சுங்கை சிப்புட் வட்டாரத்துக்கு அது கோலகங்சார் நகராண்மைக் கழகம். பார்த்ததை நினைத்துப் பிள்ளை பல வாரம் பயந்தாலோ, தன்னையே காயப்படுத்திக்கொள்ள முயன்றாலோ அரசு மருத்துவ நிலையத்தில் மருத்துவரைப் பாருங்கள். தாலியான் காசே என்ற அரசு உதவித் தொலைபேசியின் 15999 எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம்.