மீம் என்னும் போன்மி

‘மீம்’ என்ற சொல்லுக்கு வயது ஏறக்குறைய ஐம்பதுதான். 1976இல் வெளிவந்த ‘தி செல்பிஷ் ஜீன்’ நூலில் உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் அதை உருவாக்கினார். மெட்டு, சொலவடை, உடைப்பாணி எல்லாம் ஒருவரைப் பார்த்து மற்றவர் செய்வதால் பரவுகின்றன அல்லவா? அவற்றுக்கு ஒரு பொதுப்பெயர் தேடியவர், ‘போலச் செய்தது’ என்று பொருள்படும் ‘மிமேமா’ என்ற கிரேக்கச் சொல்லை, ‘ஜீன்’ என்பதோடு ஓசை ஒத்துப்போகும்படி நறுக்கிக்கொண்டார். கேலிப் படத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டியது பின்னால் வந்த இணையம்.

தமிழில் இதற்குப் ‘போன்மி’ என்ற சொல் புழங்குகிறது. ‘போலும்’ என்பது செய்யுளில் ‘போன்ம்’ என்று குறுகும். மகரக்குறுக்கம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். அதே ‘போல்’ வேரில் பிறந்த ‘போலி’யைக் கள்ளச் சரக்குக்குத் தாரை வார்த்துவிட்டோம். அந்த வகையில் போன்மி நல்ல ஆக்கம்தான். ஆனால் பரவும் விதத்தை மட்டுமே அது சொல்கிறது, குத்தலைச் சொல்வதில்லை.

2019 மே மாதம். ஒரு ஃபேஸ்புக் பக்கம் சுத்தியல் படத்தைப் போட்டு, இதற்கு உங்கள் நாட்டில் என்ன பெயர் என்று கேட்டது. தமிழர் ஒருவர் பெயரைச் சொன்னதோடு, ஜமீன் பங்களாவில் பெயிண்டிங் கான்ட்ராக்டர் நேசமணியின் தலையை உடைத்தது இதுதான் என்றும் சேர்த்துவிட்டார். ‘ஃப்ரெண்ட்ஸ்’ (2001) படத்தில் வடிவேலு ஏற்ற வேடம் அது. இன்னொருவர் அவர் நலமா என்று விசாரிக்க, நேசமணிக்காகப் பிரார்த்திக்கச் சொல்லும் ஹேஷ்டேக் மே 29 அன்று உலக அளவில் டிரெண்டானது. மறுநாள் மோடியின் இரண்டாம் பதவியேற்பு! நாடு முழுவதும் பா.ஜ.க. வென்ற அந்தத் தேர்தலில், தமிழ்நாட்டில் அதற்கு ஓரிடமும் கிடைக்கவில்லை. பதவியேற்பைப் பற்றி வாயே திறக்காமல், யார் இந்த நேசமணி என்று வடக்கே இருந்தவர்களைக் கேட்க வைத்துவிட்டார்கள். தற்செயல் என்பார் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

தொல்காப்பியம் அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கிறது. நேரடியாக வைவது செம்பொருள். பழியை உள்ளே ஒளித்துவைப்பது பழிகரப்பு. நேசமணி இரண்டாம் வகை. ஆகவே பொதுவாக மீம் என்றோ போன்மி என்றோ எழுதலாம். அரசியல் மீமுக்கு ‘அங்கதப் போன்மி’ என்பதே என் பரிந்துரை.