போல்ட் இறுகினால் அடுத்த தோட்டா வேண்டாம்

காரைக்குடிப் பக்கம் உரிமம் வாங்கித் துப்பாக்கி பழுது பார்க்கிறேன். போன சித்திரையில் ஒரு செட்டியார் .315 ரைஃபிளோடு வந்தார். “போல்ட் தூக்கவே வரலைப்பா, துரு எடுத்துக் கொடு” என்றார். தோட்டா இருக்கும் அறையைப் பின்னாலிருந்து பூட்டும் உருளைதான் போல்ட்; கைப்பிடியைத் தூக்கித்தான் திறக்க வேண்டும். துரு எங்கும் இல்லை.

“சுட்ட உறை இருக்கா அண்ணே?” பையிலிருந்து மூன்றை எடுத்து வைத்தார்.

உறையின் அடியில், ஊசி குத்தித் தீப்பற்றும் சின்ன மூடிதான் கேப்பு. சரியான தோட்டா என்றால், சுட்ட பிறகும் கேப்பின் ஓரம் உருண்டையாகவே இருக்கும். இதில் கேப்பு சப்பையாகிக் குழியை விளிம்புவரை அடைத்திருந்தது. நகத்தால் வருடினால் இடுக்கே தட்டுப்படவில்லை. ஊசி குத்திய பள்ளத்தைச் சுற்றி வரப்பு கட்டினாற்போல ஒரு மேடு. உள்ளே அழுத்தம் அளவு மீறியதற்கான அடையாளங்கள் இவை. காலி உறையில் யாரோ வெடிமருந்து நிரப்பி விற்ற தோட்டாக்களாம்.

ரைஃபிள் மருந்தைக் கிரெயின் கணக்கில் நிறுப்பார்கள். ஒரு கிரெயின் 65 மில்லிகிராம்கூட இல்லை. அதில் கை பிசகினாலோ, வேகமாக எரியும் வேறு மருந்து கலந்தாலோ அழுத்தம் எகிறிவிடும். மருந்து சரியாக இருந்தும் தப்பு நடக்கும். பலமுறை சுட்ட பித்தளை உறை நீளும். வெட்டிச் சரிசெய்யாவிட்டால் அதன் வாய் அறையின் முனையில் நெருக்குண்டு குண்டை விடாமல் பிடித்துக்கொள்ளும். அப்புறம் நம்ம ஊர் வெயில். மத்தியானம் பூட்டிய காருக்குள் கிடந்த தோட்டா, காலையில் சுட்டதைவிடக் கூடுதலாக அழுத்தும். அறையில் எண்ணெய் தங்கியிருந்தால் உறை சுவரைப் பற்றாமல் முழு உதையும் போல்ட்டின் மேல் விழும்.

கேப்பை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. போல்ட்டுக்கும் உறைக்கும் இடைவெளி கூடினாலும் அது சப்பையாகும். எந்த அடையாளமும் தெரியாமலே அழுத்தம் எல்லை தாண்டியிருக்கவும் கூடும். அதனால் போல்ட் இறுகினால் அதோடு நிறுத்துங்கள். கட்டையால் தட்டித் திறக்காதீர்கள். சத்தம் வழக்கத்தைவிட மந்தமாகக் கேட்டாலும் நிறுத்துங்கள். குண்டு குழலிலேயே நின்றிருக்கலாம், அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும்.

உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பதும் விற்பதும் 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். மலிவு என்று வாங்காதீர்கள்.

பெரிய வீடுகளின் பெட்டகத்தில் ஐயா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கியும் பழைய தோட்டாக்களும் இன்னும் கிடக்கின்றன. முறுக்கிய இரும்பில் செய்த அந்தக் குழல்களில் பல, அந்தக் காலத்துப் புகை கக்கும் கரிமருந்துக்காகச் செய்தவை. இன்றைய தோட்டாவை அதில் போட்டுப் பார்க்க வேண்டாம். உரிமம் யார் பேரிலும் இல்லையென்றால், பக்கத்துக் காவல் நிலையத்தில் தகவல் சொல்லி ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.