சொந்தப் பாட்டோடு சினிமாவுக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

தானே எழுதி, மெட்டுப் போட்டு, பாடி வெளியிட்ட பாட்டு பேசப்பட்டதும் சினிமாவிலிருந்து அழைப்பு வரும். படத்துக்குப் புதிதாக இசையமைக்கக் கேட்பார்கள். அல்லது அந்தப் பாட்டையே கேட்பார்கள். இரண்டுக்கும் நீட்டுவது பெரும்பாலும் ஒரே படிவம்தான்.

புதிதாக இசையமைப்பது பேக்கேஜ் என்றால் ஸ்டுடியோ வாடகை, வாத்தியக்காரர் சம்பளம், மிக்ஸிங் எல்லாம் அந்தத் தொகைக்குள் அடக்கம். எத்தனை பாட்டு, எத்தனை முறை மாற்றம், ரீரெக்கார்டிங் (பின்னணி இசை) உண்டா என்று எழுதாவிட்டால் சம்பளம் செலவிலேயே கரைந்துவிடும். கடைசித் தவணை வந்த பிறகே ஸ்டெம்ஸ் (குரல், வாத்தியங்கள் தனித்தனியாகப் பிரித்த ஒலிக்கோப்புகள்) கொடுங்கள். படம் வெளியான பின் பாக்கி கேட்டு வாங்கியவர்கள் குறைவு.

'எல்லா உரிமையும் எழுதிக் கொடுத்தாச்சே' என்று ராயல்டியை மறந்துவிடுபவர்கள் உண்டு. தேவையில்லை. 2012 பதிப்புரிமைத் திருத்தத்தின்படி, திரையரங்கில் படத்தோடு ஓடுவது தவிர மற்றப் பயன்பாடுகளின் ராயல்டியில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமையை வாங்கியவரோடு சம பங்கு உண்டு; அதை விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்திட்டாலும் செல்லாது. ஆனால் பணம் தானாக வராது. பாடலாசிரியர், இசையமைப்பாளருக்கு ராயல்டி வசூலித்துத் தரும் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினராகி, பாடல் வரிக்கும் மெட்டுக்கும் உரிய பங்கோடு ஒவ்வொரு பாட்டையும் பதிய வேண்டும். பாடியதற்கான பங்கு தனி, அதற்குப் பாடகர்களுக்கான சங்கம் இஸாம்ரா.

ஏற்கெனவே வெளியான பாட்டு என்றால் உரிமையை மாற்றித் தராதீர்கள், உரிமம் (பயன்படுத்தும் அனுமதி) மட்டும் கொடுங்கள். காலம் குறிப்பிடாவிட்டால் சட்டம் 5 ஆண்டு என்று கொள்ளும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். படிவத்தில் 'காலவரையின்றி, உலகம் முழுவதும்' என்ற ஒரு வரி இருந்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். முதலில் அதைத் தேடி நீக்குங்கள்.

இன்னொரு தலைவலி, ஒரே பாட்டு வேறு வீடியோவில் வந்தால் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடி. உங்கள் பழைய ஒலிப்பதிவையே படத்தில் சேர்த்து, ஆடியோ நிறுவனம் அதைக் கன்டென்ட் ஐடியில் ஏற்றினால், உங்கள் சேனலில் இருக்கும் மூலப் பாட்டுக்கே க்ளெய்ம் (உரிமைக் கோரிக்கை) விழும். விளம்பர வருமானம் அவர்களுக்குப் போகும். படத்துக்கென்று புதிதாகப் பாடிப் பதிவு செய்து கொடுங்கள். அப்போதும் மெட்டு ஒத்துப்போய்க் க்ளெய்ம் வரலாம். எனவே உங்கள் சேனலை விலக்குப் பட்டியலில் சேர்க்க வேண்டும், தவறான க்ளெய்மை இத்தனை நாளுக்குள் விடுவிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். பழைய பதிவின் ஐஎஸ்ஆர்சி எண்ணையும் (ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தரப்படும் அடையாள எண்) வெளியான தேதியையும் ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் குறிப்பிடுங்கள். தகராறு வந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.